பழைய பதிப்புக்குத் திரும்பும் உரிமை

2014 செப்டம்பர் 24 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 8.0.1 என்ற சிறு திருத்தப் பதிப்பை வெளியிட்டது. ஐபோன் 6, 6 பிளஸ் இரண்டும் கடைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத நேரம் அது. அப்டேட் போட்ட பலருக்கு உடனே டவர் போனது. விரலை வைத்தால் பூட்டு திறக்கவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஆப்பிள் அந்தப் பதிப்பை விலக்கிக்கொண்டது. மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த நிறுவனமே ஒரு வழி சொன்னது: போனைக் கணினியில் செருகி, ஐடியூன்ஸ் வழியாக முந்தைய ஐஓஎஸ் 8-ஐயே மறுபடி ஏற்றிக்கொள்ளுங்கள். சரிசெய்த 8.0.2 வந்து சேரும்வரை பழைய பதிப்புதான் மருந்து.

வழக்கமான நாட்களில் இதே நிறுவனம், புதிய பதிப்பு வந்த ஒன்றிரண்டு வாரங்களில் பழையதை ஏற்றும் வழியை அடைத்துவிடும். அதற்குப் பிறகு உங்கள் போன் சூடானாலும், பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்தாலும், நீங்கள் நம்பியிருந்த ஒரு செயலி திறக்காமல் போனாலும், திரும்பிப் போக முடியாது. ஆண்ட்ராய்டு உலகில் நிலைமை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஆனால் அங்கும் வழி ஆண்டுக்கு ஆண்டு குறுகி வருகிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளில் நேற்றுவரை நன்றாக ஓடிய மென்பொருளை மறுபடி ஓட்ட வாங்கியவரால் ஏன் முடியவில்லை? இந்தக் கேள்விக்குத் தயாரிப்பாளர்கள் தரும் பதிலில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை எட்டும் தூரத்தைவிட அவர்கள் போட்டிருக்கும் பூட்டு நீளமாக இருக்கிறது என்பதே என் வாதம்.

முதலில் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

2009-இல் வந்த ஐபோன் 3ஜிஎஸ் தொடங்கி, மென்பொருளை ஏற்றும்போது போன் ஆப்பிளின் சர்வரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஒவ்வொரு போனின் சிப்பிலும் அதற்கென்றே ஒரு தனி எண் பதிந்திருக்கிறது. அந்த எண்ணோடு, ஏற்றப்போகும் பதிப்பின் விவரமும் சர்வருக்குப் போகிறது. அந்தப் பதிப்பு அனுமதிப் பட்டியலில் இருந்தால் ஆப்பிள் தன் டிஜிட்டல் கையெழுத்தை இட்டு அனுப்பும். இல்லையென்றால் மறுக்கும். கையெழுத்து அந்த ஒரு போனுக்கும் அந்த ஒரு பதிப்புக்கும் மட்டுமே செல்லும். பழைய பதிப்பின் கோப்பு இணையத்தில் முழுசாகக் கிடைத்தாலும், கையெழுத்து இல்லாமல் அதை ஏற்ற முடியாது.

இதைச் சுற்றிப் போக 2009-லேயே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சாரிக் என்ற பெயரில் அறியப்பட்ட ஜே ஃப்ரீமன், ஆப்பிள் இடும் கையெழுத்துகளை அவை கிடைக்கும் காலத்திலேயே சேமித்து வைத்து, பிறகு ஆப்பிள் மறுக்கும்போது அவற்றைக் காட்டும் ஏற்பாட்டைத் தொடங்கினார். 2011-இல் ஐஓஎஸ் 5 அதை அடைத்தது. அதிலிருந்து போன் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண்ணை உருவாக்கிக் கேட்கிறது. பழைய கையெழுத்தில் அந்த எண் இருக்காது. 2019 செப்டம்பரில் வெளிவந்த செக்மேட் என்ற கண்டுபிடிப்பு ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் எக்ஸ் வரையிலான சிப்களின் அடித்தளத்திலேயே ஓட்டை இருப்பதைக் காட்டியது. அந்தப் பகுதி தொழிற்சாலையிலேயே பதிக்கப்படுவதால் எந்த அப்டேட்டாலும் அதை அடைக்க முடியாது. அதற்குப் பிந்தைய போன்களுக்கு அந்த வாசலும் இல்லை.

ஆண்ட்ராய்டில் சர்வரிடம் கேட்கும் வேலை பெரும்பாலும் இல்லை. தடை போனுக்குள்ளேயே இருக்கிறது. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8.0 முதல், போன் எழும்போது நடக்கும் மென்பொருள் சரிபார்ப்பில், பின்னோக்கிப் போவதைத் தடுக்கும் ஓர் எண்ணும் சேர்ந்தது. மென்பொருளுக்குள் ஓர் எண்; போனின் பாதுகாப்பான சேமிப்பில் ஓர் எண். ஏற்றப்படும் மென்பொருளின் எண் போனில் இருப்பதைவிடச் சிறியதாக இருந்தால் போன் இயங்க மறுக்கும். சில நிறுவனங்கள் இந்த எண்ணை சிப்பில் உள்ள இ-ஃபியூஸில் பதிக்கின்றன. ஒருமுறை எரித்த ஃபியூஸை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. நீங்கள் அப்டேட் பொத்தானைத் தொட்டு, போன் அணைந்து எரியும் அந்தச் சில நிமிடங்களுக்குள் உங்கள் சிப்பில் இப்படி ஒரு மாற்றம் நிரந்தரமாக நடந்து முடிந்திருக்கலாம். திரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட வந்திருக்காது.

சாம்சங் போன் வைத்திருப்பவர்கள் இதைத் தாங்களே பார்க்கலாம். அமைப்புகளில் மென்பொருள் தகவல் பகுதிக்குப் போனால், எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட பில்டு எண் ஒன்று இருக்கும். அதைக் கடைசியிலிருந்து எண்ணுங்கள். கடைசி எழுத்து அந்த மாதத்தில் எத்தனையாவது வெளியீடு என்பதைச் சொல்லும். அதற்கு முந்தையது மாதம்: ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். மூன்றாவது ஆண்டு. நான்காவது பெரிய பதிப்பு. ஐந்தாவதாக வருவதுதான், போன் எழும்போது முதலில் ஓடும் நிரலான பூட்லோடரின் எண். அது 5 என்றிருந்தால், 4 உள்ள எந்தப் பழைய பதிப்பையும் அந்தப் போன் ஏற்காது. 5 உள்ளவற்றுக்குள் முன்னும் பின்னும் போகலாம். மீறி ஓடின் என்ற கணினி மென்பொருள் வழியாகப் பழையதை ஏற்ற முயன்றால், டவுன்லோடு திரையின் மூலையில் சின்னச் சிவப்பு எழுத்தில் ரிவிஷன் சரிபார்ப்பு தோற்றது என்று வரும். போனில் எரிந்திருக்கும் எண் இத்தனை, கோப்பில் உள்ள எண் இத்தனை என்பதும் அந்த வரியிலேயே இருக்கும். சென்னை ரிச்சி தெருவில் சாஃப்ட்வேர் ஏற்றித் தரும் கடைக்காரர்கள் முதலில் பார்ப்பது இந்த ஓர் எழுத்தைத்தான்.

சாம்சங் மறுப்பதோடு நிறுத்திக்கொள்கிறது. 2018-இல் ஷாவ்மி பின்பற்றிய முறை அதைவிடக் கடுமையானது. இந்தியாவில் அந்த ஆண்டு பெரிதாக விற்ற ரெட்மி நோட் 5 ப்ரோவில், ஓர் அப்டேட், பின்னோக்கிப் போவதைத் தடுக்கும் அந்தத் தடை எண்ணை 4 ஆக உயர்த்தியது. அதை அறியாமல் பழைய பதிப்பை ஃபிளாஷ் செய்தவர்களின் போன் எச்சரிக்கை கொடுத்து நிற்கவில்லை, செத்தே போனது. திரை கறுப்பு, சார்ஜ் போட்டாலும் அசைவில்லை. கணினியில் செருகினால் குவால்காம் 9008 என்ற அவசர நிலையில் மட்டும் தெரியும். அந்த நிலையிலிருந்து மீட்க ஷாவ்மி அனுமதித்த சர்வீஸ் கணக்கு தேவை. சாதாரண ஆளிடம் அது இருக்காது. ஃபிளாஷ் அடிக்குமுன் கணினியிலிருந்து ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் போன் தன் தடை எண்ணைச் சொல்லிவிடும். அதைத் தெரிந்தவர்கள் தப்பினார்கள். தெரியாதவர்கள் மதர்போர்டுக்குக் காசு கொடுத்தார்கள். பழைய பதிப்பை ஏற்க மறுப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. ஏற்ற முயன்ற உரிமையாளரின் போனைச் சாகவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

திரும்பும் வழி திறந்திருக்கும் இடங்களிலும் ஒரு விலை உண்டு: போனில் உள்ள எல்லாம் அழியும். படம், தொடர்பு எண்கள், வாட்ஸப் எல்லாம். இதைப் பலர் நிறுவனத்தின் வீம்பு என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல, தொழில்நுட்பக் காரணமே இருக்கிறது. இன்றைய ஆண்ட்ராய்டில் சேமிப்பு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அதைத் திறக்கும் சாவிகள் இயங்குதளத்தின் பதிப்போடும் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதியோடும் பிணைக்கப்பட்டிருக்கின்றன. பதிப்பு முன்னேறும்போது சாவியும் முன்னேறும். பின்னே வந்தால் சாவி செல்லாது. இன்னொரு காரணம் செயலிகளின் தரவுத்தளம். புதிய பதிப்பு தன் தரவுகளைப் புதிய வடிவில் மாற்றி எழுதிவிடும். பழைய பதிப்புக்கு அந்த வடிவம் புரியாது. ஆண்ட்ராய்டு செயலிகள் பயன்படுத்தும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில், வருங்காலப் பதிப்பு எழுதியதைப் பழைய பதிப்பு திறக்க முயன்றால், வேறு ஏற்பாடு செய்யாத செயலி பிழை காட்டி நின்றுவிடும். ஐபோனிலும் இதே கதைதான். புதிய ஐஓஎஸ்ஸில் எடுத்த பேக்கப்பைப் பழைய ஐஓஎஸ்ஸில் ஏற்ற முடியாது.

இனி, தயாரிப்பாளர்களின் பதிலில் உள்ள உண்மைக்கு வருகிறேன். அதைக் குறைத்துச் சொன்னால் இந்தக் கேள்வியைப் பற்றிப் பேசவே தகுதியில்லை.

ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தமும் ஒரு வகையில் ஓட்டையின் விளம்பரம். எந்த இடத்தில் என்ன அடைக்கப்பட்டது என்று பார்த்தால், அடைக்கப்படாத பழைய பதிப்பில் எங்கே நுழையலாம் என்பது தெரிந்துவிடும். 2021 செப்டம்பரில் ஆப்பிள் ஐஓஎஸ் 14.8-ஐ அவசரமாக வெளியிட்டது. டொராண்டோவின் சிட்டிசன் லேப் கண்டுபிடித்த ஓர் ஓட்டையை அடைக்கத்தான். பெகாசஸ் உளவு மென்பொருள் அதன் வழியாக, போன் வைத்திருப்பவர் எதையும் தொடாமலே உள்ளே நுழைந்தது. அதே ஆண்டு இந்தியாவில் பெகாசஸ் விவகாரம் உச்ச நீதிமன்றம் நிபுணர் குழு அமைக்கும் அளவுக்குப் போனது. இப்போது, 14.8-க்கு மாறிவிட்ட ஒருவரின் போனை வேறொருவர் கையில் எடுத்து 14.7-க்கு இறக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடைத்த ஓட்டை மறுபடி திறந்துவிடும். பழைய பதிப்பும் ஆப்பிளே கையெழுத்திட்ட அசல் பதிப்புதான் என்பதால் போனால் அதைப் போலி என்று மறுக்கவும் முடியாது.

இந்த ஆபத்து வெறும் கற்பனை இல்லை என்பதைக் கணினி உலகம் காட்டியிருக்கிறது. 2023-இல் ஆராயப்பட்ட பிளாக்லோட்டஸ் என்ற தீங்கு நிரல், மைக்ரோசாஃப்ட் முறையாகக் கையெழுத்திட்ட, ஆனால் ஓட்டையுள்ள பழைய பூட் கோப்பைக் கொண்டுவந்து வைத்துத்தான் விண்டோஸின் பூட்டைத் தாண்டியது. 2024 ஆகஸ்டில் பிளாக் ஹேட் மாநாட்டில் அலோன் லெவியெவ் என்ற ஆய்வாளர், எல்லாத் திருத்தமும் போட்டதாகக் காட்டிக்கொள்ளும் விண்டோஸ் கணினியை உள்ளுக்குள் பழைய பதிப்புக்கு இறக்கிவிட முடியும் என்று செய்து காட்டினார். கைபேசி கணினியைவிட எளிதில் தொலையும், பறிபோகும், அடுத்தவர் கைக்குப் போகும். அதில் வங்கிக் கணக்கும் இருக்கிறது.

இந்தக் காரணத்தை நேர்மையாகக் கையாண்டதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2022 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது, பிக்சல் 6, 6 ப்ரோ, 6ஏ மூன்றையும் ஆண்ட்ராய்டு 12-க்குத் திருப்ப முடியாது என்று கூகுள் வெளிப்படையாக எழுதியது. பூட்லோடரில் பாதுகாப்புக் குறை இருந்தது, அதனால் தடை எண்ணை உயர்த்துகிறோம் என்று காரணமும் சொன்னது. இந்தப் போன்களில் மென்பொருளுக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஓர் இடத்தில் புதியது ஏறிய பின்னும் இன்னொன்றில் பழைய பூட்லோடர் கிடக்கும். போன் அங்கே திரும்ப நேர்ந்தால் எழாமலே போகும். ஆகவே இரண்டு இடத்திலும் புதியதை ஏற்றிவிடுங்கள் என்று கையால் ஃபிளாஷ் செய்பவர்களை எச்சரித்தது. மற்ற மாடல்களுக்கு அப்போது இந்தத் தடை இல்லை. குறிப்பிட்ட ஓட்டை, குறிப்பிட்ட மாடல்கள், முன்கூட்டிய அறிவிப்பு. தடை போடத்தான் வேண்டும் என்றால் போட வேண்டிய முறை இது.

பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. தடை எல்லாருக்கும் பொதுவாக விழுகிறது. அதில் அடிபடுகிறவர்கள் உளவாளியும் திருடனும் இல்லை. தன் சொந்தப் போனைத் தன் கையில் வைத்துக்கொண்டு, கடவுக்குறியும் தெரிந்து உட்கார்ந்திருக்கும் ஆட்கள்.

அவர்கள் யார் யார்? 2018 மார்ச் இறுதியில் ஐஓஎஸ் 11.3 வந்தபோது, வெளிக்கடையில் டிஸ்ப்ளே மாற்றிய சில ஐபோன் 8-களில் தொடுதிரை வேலை செய்வதை நிறுத்தியது. ஏப்ரல் 24 அன்று வந்த 11.3.1 அதைச் சரிசெய்தது. ஆப்பிளின் வெளியீட்டுக் குறிப்பே அசலல்லாத திரைதான் காரணம் என்று எழுதியது. இடைப்பட்ட ஏறக்குறைய நான்கு வாரம் அந்தப் போன்கள் கையில் இருந்தும் இல்லாத நிலை. நம் ஊரில் உடைந்த திரையை நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் மாற்றுகிறவர்களைவிடத் தெருமுனைக் கடையில் மாற்றுகிறவர்கள் அதிகம் என்பதை நினைத்தால், இது எத்தனை வீடுகளைத் தொடக்கூடிய விஷயம் என்பது புரியும்.

2017 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 11, 32-பிட் செயலிகளுக்கான ஆதரவை முற்றாக நிறுத்தியது. புதுப்பிக்க ஆளில்லாத எத்தனையோ சிறு செயலிகள், விளையாட்டுகள், அகராதிகள் ஒரே அப்டேட்டில் திறக்காமல் போயின. காசு கொடுத்து வாங்கியவையும் அதில் அடக்கம். சில வாரங்களுக்குள் 10.3.3-க்கான கையெழுத்தும் நின்றது. பார்வையற்றவர்களின் நிலை இன்னும் நுட்பமானது. திரையை வாசித்துக் காட்டும் வசதியில் ஒரு சிறு பிழை வந்தாலும் அவர்களுக்கு அது முழுப் போனையும் இழப்பதற்குச் சமம். அதனால்தான் ஒவ்வொரு ஐஓஎஸ் வெளியீட்டின்போதும் அணுகல் பிழைகளைப் பட்டியலிட்டு, இப்போது அப்டேட் போடலாமா, காத்திருக்கலாமா என்று பார்வையற்றவர்களுக்காக இயங்கும் ஆப்பிள்விஸ் தளம் சொல்லி வருகிறது.

எல்லாவற்றையும்விடக் கனமான சான்று மருத்துவத் துறையிலிருந்து வருகிறது. இன்று நீரிழிவு நோயாளிகள் பலர் உடலில் ஒட்டிய சென்சார் வழியாக ரத்தச் சர்க்கரையைப் போனில் பார்க்கிறார்கள். சர்க்கரை ஆபத்தாக இறங்கினால் போன் அலறி எழுப்ப வேண்டும். 2025 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், போனின் அமைப்புகளும் இயங்குதள அப்டேட்டும் இந்த எச்சரிக்கை ஒலி வராமல் போகக் காரணமாகலாம் என்று நோயாளிகளை எச்சரித்தது. தானியங்கி அப்டேட்டை அணைத்து வையுங்கள், புதிய பதிப்போடு உங்கள் கருவி ஒத்துப்போகுமா என்று கருவித் தயாரிப்பாளரிடம் உறுதிசெய்துகொண்டு போடுங்கள் என்பது அதன் அறிவுரைகளில் ஒன்று. இரவில் சார்ஜில் கிடந்த போன் தானாகவே அப்டேட் ஆகிவிட்டால் அந்த நோயாளி என்ன செய்வார்? கருவியின் செயலி சரியாகும்வரை பழைய பதிப்புக்குப் போக ஒரு வழி வேண்டாமா? பாதுகாப்பு என்ற சொல்லை நிறுவனங்கள் பயன்படுத்தும்போது, இந்த உயிர்ப் பாதுகாப்பையும் அந்தச் சொல்லுக்குள் சேர்த்தாக வேண்டும்.

பேட்டரி விவகாரம் ஓரளவு எல்லாருக்கும் தெரிந்தது. 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1, தேய்ந்த பேட்டரி உள்ள ஐபோன்கள் திடீரென்று அணையாமல் இருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்தது. வாடிக்கையாளர்களுக்கு அது தெளிவாகச் சொல்லப்படவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் கீக்பெஞ்ச் வேகச் சோதனை முடிவுகள் வெளியானபின் ஆப்பிள் ஒப்புக்கொண்டது, மன்னிப்புக் கேட்டது, அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. இதில் பரவலாகப் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. 2020 பிப்ரவரியில் பிரான்ஸின் நுகர்வோர் பாதுகாப்புத் துறை ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தபோது, முந்தைய பதிப்புக்குத் திரும்ப முடியாததால்தான் பலர் பேட்டரியையோ போனையோ மாற்ற நேர்ந்தது என்பதையும் சேர்த்தே சொன்னது. அதற்கு முன், 2018 அக்டோபரில், இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. 2014-இல் வந்த கேலக்ஸி நோட் 4-க்கு ஆண்ட்ராய்டு மார்ஷ்மெல்லோவைத் தொடர்ந்து வற்புறுத்தி ஏற்றவைத்தது சாம்சங் மீதான குற்றச்சாட்டு. போனின் பழைய செயல்திறனை மீட்க வழி தரவில்லை என்பதையும் அந்த ஆணையம் கணக்கில் எடுத்தது. திரும்பிப் போக விடாததும் தீங்கின் ஒரு பகுதி என்று இரண்டு அரசு அமைப்புகள் எழுத்தில் பதிந்திருப்பது இந்த விவாதத்தில் பெரிய விஷயம்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2025 ஜனவரியில் கூகுள், பிக்சல் 4ஏ போன்களுக்குத் தானாக ஏறும் அப்டேட் ஒன்றை அனுப்பியது. சில போன்களில் பேட்டரி சார்ஜ் தாங்கும் அளவு வெகுவாகக் குறைந்தது. பழைய பதிப்புகளின் கோப்புகளையும் கூகுள் தன் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டது. இலவச பேட்டரி, 50 டாலர் பணம், புதிய பிக்சல் வாங்க 100 டாலர் கழிவு ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்னது. பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாகித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு என்பது பிறகு ஆஸ்திரேலியாவின் பொருள் பாதுகாப்பு அறிவிப்பில் தெளிவானது. தீ ஆபத்து உள்ள பேட்டரியைப் பழைய வேகத்தில் சார்ஜ் செய்ய அனுமதிக்க முடியாது. இந்த இடத்தில் திரும்பும் வழியை மூடியது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் பேட்டரியின் நிலைத்தன்மை என்று மழுப்பாமல், சூடாகும் ஆபத்து என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். காரணம் தெரியாமல் பூட்டினால், உண்மையான ஆபத்தையும் மக்கள் சூழ்ச்சி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

பழைய பதிப்பு தீர்க்காத சிக்கல்களும் உண்டு. அப்டேட் போட்ட மறுநாள் திரையில் பச்சைக் கோடு விழுந்ததாக இந்தியாவில் பல பிராண்டுகளின் பயனாளர்கள் புகார் செய்தார்கள். ஒன்பிளஸ் பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு இந்தியாவில் வாழ்நாள் முழுக்க இலவசத் திரை மாற்றம் அறிவித்தது. கோடு விழுந்த திரையில் எந்தப் பதிப்பை ஏற்றினாலும் கோடு கோடாகவே இருக்கும். இப்படிப்பட்ட கோளாறுடன் கடைக்குப் போகிறவரிடம் சாஃப்ட்வேர் மாற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நிறுவனங்கள் பாதுகாப்பாகத் திரும்ப வழியே கிடையாது என்று சொன்னால் அதை அப்படியே ஏற்கத் தேவையில்லை, ஏனென்றால் அவர்களே அப்படிப்பட்ட வழிகளைச் செய்து வைத்திருக்கிறார்கள். 2016-இல் ஆண்ட்ராய்டு 7.0-உடன் வந்த இரட்டை இட முறையில், புதிய மென்பொருள் எழாவிட்டால் போன் தானே பழைய இடத்துக்குத் திரும்பி எழும். உரிமையாளரின் தரவுக்குச் சேதமில்லை. புதியது சரியாக எழுந்துவிட்டது என்று போன் முடிவு செய்தபின்தான் அந்த வழி மூடுகிறது. ஆனால் எழுந்துவிட்டது என்பதும் நன்றாக ஓடுகிறது என்பதும் ஒன்றல்ல. ஆப்பிளும் 2023-இல் அவசரப் பாதுகாப்புத் திருத்தங்கள் என்ற சிறு வகையைக் கொண்டுவந்தபோது, அவற்றை அமைப்புகளில் ஒரு பொத்தானைத் தொட்டு நீக்கும்படி செய்திருந்தது. அந்த ஜூலையில் வந்த ஒரு திருத்தம் சஃபாரி தன்னை அறிவிக்கும் பெயரோடு அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்தைச் சேர்த்துவிட, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அந்த உலாவியை அடையாளம் காணாமல் திறக்க மறுத்தன. அதை நீக்கிவிடுங்கள் என்று ஆப்பிளே வழிமுறை வெளியிட்டது. இரண்டு நாட்களில் சரியான திருத்தம் வந்தது. பாதுகாப்புத் திருத்தத்தையே உரிமையாளர் நீக்கலாம் என்றால், திரையமைப்பையும் பேட்டரி ஓடும் நேரத்தையும் மாற்றும் பெரிய அப்டேட்டை ஏன் நீக்கக் கூடாது?

விண்டோஸ் கணினியில் பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பின் 10 நாட்கள் திரும்பும் வாய்ப்பு இருக்கிறது. கோப்புகள் அப்படியே இருக்கும். முதலில் அது 30 நாட்களாக இருந்தது. ஓப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் நிறுவனங்கள் சில மாடல்களுக்கு அதிகாரப்பூர்வத் திரும்பல் கோப்புகளையே வெளியிட்டிருக்கின்றன. தரவு அழியும், ஆனால் போன் பிழைக்கும். 2021 தொடக்கத்தில் எம்ஐ ஏ3 போன்களை ஆண்ட்ராய்டு 11 அப்டேட் முடக்கிப்போட்டபோது, ஷாவ்மி வாரண்டி முடிந்ததா என்று பார்க்காமல் சர்வீஸ் சென்டரில் இலவசமாகச் சரிசெய்து தர முன்வந்தது.

ஆகவே நான் கேட்பது எல்லாப் பழைய பதிப்புக்கும் கதவைத் திறந்து வையுங்கள் என்பதல்ல. பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பின் குறைந்தது 30 நாட்கள், உடனடி முந்தைய பதிப்புக்கு மட்டும், உரிமையாளரின் கடவுக்குறியும் கணக்கும் உறுதியானபின் திரும்ப வழி வேண்டும். அந்த முந்தைய பதிப்புக்கு அந்த நாட்களில் பாதுகாப்புத் திருத்தமும் தொடர வேண்டும். இதுவும் நடக்காத காரியமல்ல. 2021-இல் ஐஓஎஸ் 15 வந்தபோது, 14-லேயே தங்கிப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் பெறலாம் என்று ஆப்பிள் அறிவித்து, சில மாதம் அப்படியே நடத்தி, 2022 ஜனவரியில் நிறுத்திக்கொண்டது. தடை எண்ணை உயர்த்தும் அப்டேட் என்றால், ஏற்றுமுன்பே இதற்குப் பின் திரும்ப முடியாது என்று திரையில் அவரவர் மொழியில் சொல்ல வேண்டும். திருடனுக்குக் கடவுக்குறி தெரியாது. உளவு பார்க்கிறவன் 30 நாளும் காத்திருந்து உரிமையாளரின் கணக்கில் நுழைந்து கேட்க மாட்டான்.

சட்டம் இதில் பாதி தூரம் வந்திருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்த விதிகள், ஒரு மாடல் சந்தையில் விற்பனைக்கு வருவது நின்றபின் குறைந்தது 5 ஆண்டுகள் இயங்குதளத் திருத்தம் தர வேண்டும் என்கின்றன. அப்டேட்டால் அறிவிக்கப்பட்ட செயல்திறன் குறைவதாக இருந்தால் பயனாளரின் வெளிப்படையான ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். அப்டேட்டை மறுத்ததற்காகவும் அதைக் குறைக்கக் கூடாது. திரும்பும் உரிமை அதில் இல்லை. இந்தியாவில் 2025 ஜனவரியில், ஐஓஎஸ் 18-க்குப் பின் ஐபோன்களில் செயல்பாட்டுக் கோளாறுகள் வருவதாகத் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குப் புகார்கள் வந்ததையடுத்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பியதாக அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி அறிவித்தார். அப்டேட்டுக்குப் பின் பழைய பதிப்பைத் தர வேண்டும் என்று சொல்லும் விதி நம் நாட்டில் இன்னும் எழுதப்படவில்லை. கேட்க வேண்டிய இடம் அந்த ஆணையம்தான்.

அதுவரை தனி ஆள் செய்யக்கூடியது குறைவு, ஆனால் உண்டு. பெரிய அப்டேட்டுக்கு முன் முழு பேக்கப்பைக் கணினியில் எடுத்து, ஐபோன் என்றால் அதைத் தனியாக ஆர்கைவ் செய்து வையுங்கள். புதிய பதிப்பு எடுக்கும் பேக்கப் அதன்மேல் விழாமல் இருக்கும். பழைய பதிப்பை ஏற்றும் முடிவுக்கு வந்தால் மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை ஒப்பிட்டு, தடை எண்ணைப் பார்த்தபின் மட்டும் கை வையுங்கள். தவறான கோப்பு ஏறினால் ஐஎம்இஐ அழிந்து டவரே எடுக்காத போன் கையில் மிஞ்சும். ஆண்ட்ராய்டில் பூட்லோடரைத் திறந்தால் தரவு அழிவதோடு, வங்கிச் செயலிகள் பல அந்தப் போனில் ஓட மறுக்கும். துடைத்தபின் போன் பழைய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். போன் வாங்கிய நாளில் கடைப்பையனே உருவாக்கிக் கொடுத்த கணக்காக இருந்தால், அந்தச் சொல்லை வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. யுபிஐ செயலிகளை சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பிப் புதிதாகப் பதிய வேண்டிவரும்.

அப்டேட்டால் போன் கெட்டது என்று புகார் கொடுப்பதானால் 1915 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். அழைப்பதற்கு முன் பில்டு எண், அப்டேட் ஏறிய தேதி, பேட்டரி அளவைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட், சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்த ஜாப் ஷீட் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். அப்டேட்டுக்கு முந்தைய பேட்டரித் திரையையும் ஒருமுறை பிடித்து வைத்திருந்தால் புகாருக்கு இன்னும் பலம். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டும்போது, உங்கள் பயன்பாட்டில்தான் கோளாறு என்று சொல்லித் திருப்பி அனுப்புவது சர்வீஸ் சென்டருக்குக் கடினமாகிவிடும்.